மாசேறிய ஆற்று வண்டல்: வாரி எடுப்பதா, கிடந்த இடத்திலேயே முடக்குவதா?

நீர்த்தடம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சுற்றுச்சூழல் பொறியியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நச்சு படிந்த ஆற்று வண்டலைத் தூய்மைப்படுத்தும் ஆய்வுகளைப் பற்றி இந்தப் பருவக் கருத்தரங்கில் பேச வேண்டும் என்பதால், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றை மையமாக வைத்துப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் செய்திகள் கண்ணில் படுகின்றன.

ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் என்னும் இரண்டு ஊர்களில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மின்தேக்கித் தொழிற்சாலைகளிலிருந்து ஏறத்தாழ 1947 முதல் 1977 வரை ஆற்றில் கலந்த பாலிகுளோரினேட்டட் பைஃபினைல், அதாவது பிசிபி என்னும் எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள், 590 டன் வரை இருக்கலாம் என மதிப்பிட்டிருக்கிறார்கள். 2009இல் தொடங்கி 2015இல் முடிந்த தூர்வாரும் பணியில் ஏறத்தாழ 21 லட்சம் கனமீட்டர் வண்டலும் அதனுடன் சுமார் 140 டன் பிசிபியும் வெளியேற்றப்பட்டன. மேல் ஹட்சனில் கிடந்ததில் இது 72 சதவீதம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அப்படியிருந்தும் அந்த ஆற்று மீனை உண்பதற்கு எதிரான அறிவுரை இன்றும் நீடிக்கிறது.

மறுபக்கம், வண்டலில் ஆக்டிவேட்டட் கார்பனை, அதாவது நுண்துளைகள் நிறைந்த கரியைக் கலந்துவிட்டு, ஒரு கிராம் நச்சைக்கூட வெளியே எடுக்காமல், ‘தூய்மைப்படுத்தினோம்’ என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகளும் வருகின்றன. முக்கால் பங்கை எடுத்தும் போதவில்லை என்பதையும், எதையுமே எடுக்காமல் வெற்றி என்பதையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது? பிசிபியைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் ஆற்றடியிலேயே இருக்கின்றன என்றும் படித்தேன். அப்படியானால் காத்திருந்தால் போதுமே என்ற கேள்வியும் எழுகிறது. இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கழிமுகம் எழுதியது:

துறைமுகங்களில் தூர்வாரும் பணியோடு தொடர்புடையவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேதியியல் பகுதியை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மொத்த எடையில் எத்தனை சதவீதம் போனது என்பது மீனுக்குத் தெரியாது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் புதைந்து கிடக்கும் பிசிபி, வெள்ளமோ படகோ அதைக் கிளறாதவரை, யார் வாயிலும் போய்ச் சேருவதில்லை. புழுக்களும் சிப்பிகளும் வாழ்வது ஆற்றடியின் மேற்பரப்பை ஒட்டிய பத்து, பதினைந்து சென்டிமீட்டருக்குள். அவற்றைச் சிறு மீன் தின்கிறது, சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது. ஆகவே மீனின் உடலில் ஏறும் அளவைத் தீர்மானிப்பது அந்த மெல்லிய மேலடுக்கின் செறிவுதான். ஹட்சனில் எந்த இடத்தை வார வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு முடிவெடுத்தபோது, ஆற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முதற்பகுதியில் சதுர மீட்டருக்கு 3 கிராம், அதற்கு அடுத்த பகுதியில் 10 கிராம் என்று, மூன்றும் அதற்கு மேலும் குளோரின் அணுக்கள் கொண்ட பிசிபியின் எடையை வைத்தே எல்லை வகுத்தார்கள். ஆழத்தில் நிறையப் புதைந்திருந்த இடங்கள் இந்தக் கணக்கில் எளிதாக அகப்பட்டன. எடை குறைவாக இருந்தும் மேலடுக்கில் செறிவு மிகுந்த இடங்கள், குறிப்பாக எல்லை தளர்வாக இருந்த கீழ்ப்பகுதிகளில், வாரப்படாமலே தங்கின. முக்கால் பங்கு எடை போனதற்கும் மீனில் முக்கால் பங்கு குறையாததற்கும் முதற்காரணத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

இரண்டாவது காரணம் களத்தில் தெரிந்தது. மேல் ஹட்சன் பகுதியில் ஒரு காலத்தில் மரமறுக்கும் ஆலைகள் நிறைந்திருந்தன. அவற்றின் கட்டைகளும் சிராய்களும் மரத்தூளும் ஆற்றடியில் அடுக்கடுக்காகக் கிடந்தன. வண்டல் மாதிரி எடுக்கக் குழாயை இறக்கும்போது அது கட்டையில் முட்டி நின்றுவிடும், மாசும் அங்கேயே முடிகிறது என்று வரைபடம் காட்டும். 2009இல் தூர்வாரும் இயந்திரமான டிரெட்ஜரின் வாளி அந்த ஆழத்தைத் தாண்டி இறங்கியபோது, மரக்கழிவுக்கு அடியிலும் மாசு இருப்பது தெரியவந்தது. ஒரே இடத்தை மறுபடி மறுபடி வார வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறை வாளி இறங்கும்போதும் கொஞ்சம் வண்டல் நீரில் கலங்கிப் பரவும். குடிநீருக்கான எல்லையான லிட்டருக்கு 500 நானோகிராம் பிசிபியைக் கீழ்நோக்கிப் பாயும் நீர் தாண்டியதால் அந்தப் பருவத்தில் சில முறை பணியையே நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்து மீன்களில் பிசிபி தற்காலிகமாக ஏறவும் செய்தது. முதற்கட்டம் முடிந்ததும் வெளி வல்லுநர் குழு அதை ஆராய்ந்து, மாசின் ஆழத்தைத் துல்லியமாக அளப்பதற்கும் வார வேண்டிய தடவைகளைக் குறைப்பதற்கும் வழி சொன்ன பிறகே 2011இல் இரண்டாம் கட்டம் தொடங்கியது. கருத்தரங்கில் நீங்கள் இந்த இடைவெளி ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசலாம். தூர்வாரும் முறை பற்றிய பாடங்களில் பெரும்பங்கு அங்கேதான் கிடைத்தது.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். பணி முடிந்த மறுநாளே மீன் சுத்தமாகிவிடும் என்று யாரும் வாக்களிக்கவில்லை. மீன் தசையில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் பிசிபி என்னும் முதல் இடைக்கால இலக்கை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளிலும், 0.2 என்பதைப் பதினாறு ஆண்டுகளிலும், 0.05 என்னும் இறுதி இலக்கை அரை நூற்றாண்டுக்குப் பிறகும் எட்டுவதாகத்தான் திட்டமே வகுக்கப்பட்டது. மீனின் அளவு ஆண்டுக்காண்டு இயல்பாகவே ஏறியிறங்கும் என்பதால், குறைகிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல இன்னும் சில ஆண்டுகளின் தரவு வேண்டும் என்று முகமை 2019இல் சொன்னது. நியூயார்க் மாநில அரசு அதை ஏற்காமல் வழக்குத் தொடுத்தது.

வாரியிருக்கவே கூடாது என்று இதற்கு யாரும் பொருள் கொள்ள வேண்டாம். 1973இல் ஃபோர்ட் எட்வர்டில் இருந்த பழைய அணையை அகற்றியபோது, அதன் பின்னால் பல ஆண்டுகளாகத் தேங்கியிருந்த நச்சு வண்டல் மொத்தமாகக் கீழே அடித்துச் செல்லப்பட்டது. ஆற்றில் புதைந்தது புதைந்தபடியே இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அந்த ஒரு நிகழ்ச்சியே போதிய மறுப்பு. வாரிய சேற்றைப் படகுகளில் ஏற்றி ஃபோர்ட் எட்வர்டுக்குக் கொண்டுவந்து, அழுத்தி நீரைப் பிழிந்து, சரக்கு ரயிலில் டெக்சாஸ் வரை அனுப்பிப் புதைத்தார்கள். நச்சு அழியவில்லை, இடம் மாறியது. ஆனால் மீன் இல்லாத இடத்துக்கு மாறியது.

கரித்துகள் எழுதியது:

கழிமுகம் அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். வண்டல் மாசு பகுப்பாய்வுக் கூடத்தில் வேலை செய்கிறேன்.

‘வண்டலில் எவ்வளவு நச்சு இருக்கிறது’ என்பதும் ‘அதில் எவ்வளவு நச்சு உயிர்களுக்குக் கிடைக்கிறது’ என்பதும் வெவ்வேறு கேள்விகள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த மில்வாக்கி துறைமுக வண்டல் ஆய்வை நீங்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். உபல் கோஷ், ரிச்சர்ட் லூதி முதலானோர் வண்டலைத் துகள் துகளாகப் பிரித்துப் பார்த்தபோது, எடையில் வெறும் 5 சதவீதமாக இருந்த நிலக்கரித் துகள்களிலும் மரத்துகள்களிலும்தான், பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்னும் நச்சுப் பொருள்களில் 62 சதவீதம் அடங்கியிருந்தது. அப்படிக் கரியில் ஒட்டியவை எளிதில் நீருக்குள் வரவில்லை. களிமண்ணில் ஒட்டியிருந்தவை எளிதாக வெளியே வந்தன. இயற்கையாகக் கிடக்கும் கரியே இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துவைக்கும் என்றால், கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்பு கொண்ட ஆக்டிவேட்டட் கார்பனை நாமே சேர்த்தால் என்ன என்ற எண்ணம் அதன் தொடர்ச்சியாகத்தான் வந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவின் ஹன்டர்ஸ் பாயின்ட் கப்பல்தளச் சேற்றில் 3.4 சதவீதம் கார்பனைக் கலந்து ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதம் வைத்திருந்தபோது, நீரில் கரைந்திருந்த பிசிபி 92 சதவீதம் குறைந்தது. நம் வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பானில் நடக்கும் வேலைதான் இது. நீர் கரியைத் தேடி வருவதற்குப் பதிலாகக் கரியை நீர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகிறோம்.

‘கிடைக்கும் நச்சை’ எப்படி அளக்கிறோம் என்று தெரிந்தால் உங்கள் குழப்பம் பாதி தீரும். சாதாரணப் பாலித்தீன் தாளைப் போன்ற மெல்லிய பட்டையை, முன்கூட்டியே கரைப்பானில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, ஒரு சட்டத்தில் பூட்டிச் சேற்றுக்குள் செங்குத்தாகச் சொருகிவிடுவோம். பிசிபி நீரை வெறுத்துக் கொழுப்பை நாடும் பொருள் என்பதால், துகளிடைத் துளைநீரில் தனித்துக் கரைந்திருக்கும் பகுதி மட்டும் மெல்ல மெல்லப் பாலித்தீனுக்குள் புகுகிறது, கரியின் பிடியில் சிக்கியது வருவதில்லை. சில வாரங்கள் கழித்துப் பட்டையை உருவி, ஒட்டியிருக்கும் கரிய சேற்றைத் துடைத்துவிட்டு, ஹெக்சேனில் போட்டு வைத்து, வந்ததை, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறவியல் முறையால் அளக்கிறோம். ஒரே பட்டையை வெட்டி இரண்டிரண்டு சென்டிமீட்டராகப் பார்த்தால், எந்த ஆழத்திலிருந்து நச்சு மேலேறுகிறது என்ற படமே கிடைத்துவிடும். ஒரு புழுவின் உடலில் எவ்வளவு ஏறும் என்பதை, மொத்தச் செறிவைவிட இந்த அளவீடு நன்றாகக் கணிக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் மசீனா என்ற ஊரருகே ஓடும் கிராஸ் ஆற்றில், அலுமினிய ஆலையிலிருந்து வந்த பிசிபி படிந்த அடித்தளத்தில், 2006இல் ஆக்டிவேட்டட் கார்பனை இயந்திரத்தால் கலந்து மூன்று ஆண்டுகள் கண்காணித்தார்கள். கார்பன் போதிய அளவு சேர்ந்த இடங்களில் துளைநீரின் பிசிபி 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆண்டு செல்லச் செல்லப் பலன் கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு கோஷும் சகாக்களும் கார்பனை மணலோடும் களிமண்ணோடும் சேர்த்துச் சிறு குளிகையாக்கித் தூவும் ‘செடிமைட்’ முறையை உருவாக்கினார்கள். குளிகை மூழ்கி அடியில் தங்கும், பிறகு கரைந்து பிரியும். கலக்கும் வேலையைப் புழுக்களே பார்த்துக்கொள்ளும். டெலவேர் மாநிலத்தின் டோவர் நகரில் உள்ள மிரர் ஏரியில் 2013இல் இதைத் தூவிய பின் மீன்களிலேயே பிசிபி கணிசமாகக் குறைந்தது.

ஆனால் விளம்பரத் தாள்களில் வராத பக்கமும் உண்டு. நார்வேயின் கிரென்லாந்து ஃபியோர்டுகளில் பழைய மக்னீசிய ஆலையின் டயாக்சின் என்னும் நச்சை முடக்க 2009இல், சேற்றின் மேல் பரப்பும் பல்வேறு மெல்லிய மூடிகளைப் பரிசோதித்தார்கள். டயாக்சின் மேலேறுவதைக் கார்பன் கலந்த மூடிதான் மிக நன்றாகத் தடுத்தது. அதே மூடிக்குக் கீழேதான் அடித்தள உயிரினங்களும் பெரிதும் குறைந்தன. மிக நுண்ணிய கரி, புழுவின் குடலில் சத்துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். அளவும் துகளின் பருமனும் அங்கே தீர்மானிக்கும் காரணிகள் என்பதால், எந்த இடத்துக்கும் ஒரே மருந்து என்று இதைக் கொண்டாட நான் தயாராக இல்லை.

நுண்ணுயிரி பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில்: இருக்கின்றன, வேலை செய்கின்றன, ஆனால் பாதியில் நிறுத்திவிடுகின்றன. காற்றில்லாச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் இரண்டு வளையங்கள் இணைந்த பைஃபினைலின் சில இடங்களில் உள்ள குளோரினை உருவுகின்றன. அந்த வளையங்களின் இணைப்புக்குப் பக்கத்திலுள்ள ஆர்த்தோ குளோரினை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. ஹட்சனில் இது நடந்திருப்பதை ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வாளர்களே 1980களில் காட்டினார்கள். அதையே காரணமாக வைத்து, ஆறு தானே சரியாகிவிடும் என்று நிறுவனம் நெடுங்காலம் வாதிட்டது. குளோரின் குறைந்தாலும் மூலக்கூறு அங்கேயே இருக்கிறது என்பதும், செறிவு குறைந்த இடங்களில் இந்த வினை ஏறத்தாழ நின்றேபோகிறது என்பதும் முகமையின் மறுமொழி. இப்போதைய ஆய்வு, கரித் துகளின் மேலேயே இரண்டு வகைப் பாக்டீரியாக்களைக் குடியேற்றி, ஒன்று குளோரினை உருவ மற்றொன்று எஞ்சிய வளையத்தை உடைக்கும்படி செய்வது. வர்ஜீனியாவில் குவாண்டிகோ படைத்தள ஓடையில் நடந்த கள முயற்சியில் ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் மொத்த பிசிபியில் பாதி அளவு குறைந்தது. சிறிய இடம்தான், என்றாலும் முடக்குவதோடு நில்லாமல் அழிக்கவும் வழி உண்டு என்று காட்டிய முயற்சி அது.

தென்கரை எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரி என்றாலும், ‘கிடந்த இடத்திலேயே முடக்குவது’ என்ற சொற்றொடர் பணம் செலவழிக்க வேண்டியவர்களுக்கு எவ்வளவு இனிப்பானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரித்துகள் அவர்கள் குறிப்பிட்ட அதே கிராஸ் ஆற்றில் 2001இல் மணல் மூடி போட்டுப் பார்த்தார்கள். 2003 வசந்தத்தில் ஆற்றில் மிதந்து வந்த பனிக்கட்டிகள் ஓரிடத்தில் அடைத்துக்கொள்ள, அதன் கீழே சீறிய நீர், மூடியையும் சில இடங்களில் அதற்கு அடியிலிருந்த மாசு வண்டலையும் அரித்துச் சென்றுவிட்டது. அதன் பிறகுதான் பனியடைப்பு ஏற்படும் பகுதிக்குக் கல் கவசம் போட்ட மூடி தேவை என்ற முடிவுக்கு வந்தார்கள். மூடியோ கரியோ நூறாண்டு நிலைக்க வேண்டும் என்றால், அந்த நூறாண்டில் வரக்கூடிய மிகக் கொடிய வெள்ளத்தை யாராவது கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

மாறாக ஜப்பானின் மினமாட்டாவைப் பாருங்கள். சிஸ்ஸோ ஆலை 1968 வரை கடலில் விட்ட பாதரசத்தை, 1977 தொடங்கி 1990 வரை ஜப்பானியர்கள் வாரினார்கள். 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 25 பங்கு) மேல் பாதரசம் இருந்த ஏறத்தாழ 15 லட்சம் கனமீட்டர் சேற்றைக் கையாண்டு, விரிகுடாவின் உட்பகுதியில் 58 ஹெக்டேர் நிலத்தை உருவாக்கி, மேலே செயற்கை விரிப்பும் எரிமலைச் சாம்பல் மண்ணும் மலைமண்ணும் போட்டு மூடினார்கள். செலவு 4,850 கோடி யென். சேறு கலங்கக் கூடாது என்பதற்காக, வெட்டும் தலை இல்லாத உறிஞ்சு டிரெட்ஜர்களைப் பயன்படுத்தினார்கள். பணி தொடங்கிய சில மாதங்களிலேயே, கலங்கும் பாதரசம் தங்களை மறுபடி தாக்கும் என்று உள்ளூர் மக்கள் நீதிமன்றம் சென்றதால் 1980 வரை வேலை நின்றது. அந்த அச்சமே வேலை அவ்வளவு நிதானமாக நடந்ததற்கு ஒரு காரணம் என்று கருதுகிறேன். நச்சு மீன் வெளியே போகாமலிருக்க விரிகுடாவின் வாயில் கட்டிய வலையை 1997இல்தான் அவிழ்த்தார்கள். கரைக்கும் கடலுக்கும் இடையே அவ்வளவு நெருக்கமான வாழ்க்கை உள்ள இடத்தில், நச்சு உங்கள் காலடியிலேயே இருக்கிறது, ஆனால் கட்டுண்டு இருக்கிறது என்று மக்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

நீர்த்தடம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மொத்த எடை, மேலடுக்குச் செறிவு, கிடைக்கும் பகுதி என்ற மூன்றையும் நான் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு படித்திருக்கிறேன் என்பது இப்போது தெரிகிறது. ஒரு துணைக்கேள்வி மட்டும். கருத்தரங்கின் இறுதியில் எங்கள் பேராசிரியர் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த அந்தச் சேற்றில் கார்பனைத் தூவினால் பயன் கிடைக்குமா?

கரித்துகள் எழுதியது:

பெரிதாகக் கிடைக்காது. ஆக்டிவேட்டட் கார்பன் பிசிபி, டயாக்சின் போன்ற நீர்வெறுப்புப் பொருள்களுக்கானது. மெத்தில் பாதரசத்தை ஓரளவு கட்டுப்படுத்துகிறது என்று சதுப்பு நில ஆய்வுகள் சொல்கின்றன. சாம்பலோடு வரும் ஆர்செனிக், குரோமியம், ஈயம் முதலியவற்றின் நடத்தை வேறு.

உலோகங்களைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது சல்ஃபைடு. அலைநீர் ஏறி வடியும் கழிமுகத்தில் ஒரு முழம் தோண்டினால் கன்னங்கரேலென்ற, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் சேறு வரும். கடல்நீரின் சல்ஃபேட்டை பாக்டீரியாக்கள் சல்ஃபைடாக மாற்றியதன் அடையாளம் அது. ஈயம், காட்மியம், துத்தநாகம், செம்பு, நிக்கல் ஆகியவை இந்தச் சல்ஃபைடோடு சேர்ந்து கரையாத உப்பாகிக் கிடக்கும். அமிலத்தில் வெளியாகும் சல்ஃபைடின் மோல் அளவு, அதனுடன் சேர்ந்து வெளிவரும் உலோகங்களின் மோல் அளவைவிட அதிகமாக இருந்தால், அந்த உலோகங்களால் அடித்தள உயிர்களுக்குக் கேடு வர வாய்ப்பு குறைவு. அதே சேற்றை வாரிக் கரையில் கொட்டிக் காயவிட்டால், காற்றுப்பட்டுச் சல்ஃபைடு கந்தக அமிலமாகி, கட்டுண்டிருந்த உலோகம் மழைநீரோடு திரும்ப ஆற்றுக்கே வரும். ஆர்செனிக்கும் குரோமியமும் இந்தக் கணக்குக்குள் அடங்காதவை, அவற்றைத் தனியே அளக்க வேண்டும்.

கழிமுகம் எழுதியது:

எண்ணூரைப் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். அங்கே நச்சுத்தன்மையை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், கொசஸ்தலை ஆற்றின் ஆழத்தையே சாம்பல் தூர்த்துவிட்டது என்பதுதான் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களின் நெடுநாள் முறையீடு. ஆழம் போனால் இறாலும் போகும், அலைநீரோட்டமும் மட்டுப்படும், மழைக்காலத்தில் வெள்ளம் வடியவும் வழி இராது. எனவே நச்சுக் கணக்கு என்ன சொன்னாலும் அங்கே வாரித்தான் ஆக வேண்டும். சாம்பல் குழாய்களின் கசிவை முதலில் நிறுத்தாமல் வாருவது வீண் செலவு. வாரிய சாம்பலை எந்தக் கரையில், எத்தகைய அடிவிரிப்பின் மேல், யார் கண்காணிப்பில் வைப்பார்கள் என்ற கேள்விக்கான விடையைத் திட்ட அறிக்கையில் தேடுங்கள். உங்கள் பேராசிரியர் கேட்கப்போவதும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.